மருந்து படாத தட்டு

ரெஜினா ரத்தப் புற்றுநோயில் இறந்து ஒரு வருடமாகிவிட்டது. அவள் உடலிலிருந்து எடுத்த புற்றுச்செல்கள் ஆய்வகத்தில் இன்னும் பெருகிக்கொண்டிருந்தன. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவள் கணவர் சேவியருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆய்வாளர் வான்மதி நுண்ணோக்கியில் காட்டினாள். செல்கள் உருண்டை உருண்டையாக நெருக்கியடித்துக் கிடந்தன.

“இது அவதானா?”

“அவங்க செல்லுதான் சார். ஆனா அவங்களக் கொன்னதும் இதுதான்.”

மரபணு இழை தன்னைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதத்தில் சில நொதிகள் கூட்டாகச் சேர்ந்து குறி வைக்கின்றன; அந்தக் குறியால்தான் இவை ஓயாமல் பெருகுகின்றன என்றாள். அவள் உருமாற்றிச் செய்த பெப்டைடு என்ற குட்டிப் புரதத் துண்டு நடுவே புகுந்து அந்தக் கூட்டைக் கலைத்துவிடும்.

“கலைஞ்சா?”

“பெருகறது நின்னுடும். மெல்லச் செத்துடும்.”

சேவியர் அறைக்குள் நடந்தார், நின்றார், மறுபடி நடந்தார். வான்மதி செல்கள் வளரும் தட்டுகளில் ஒவ்வொன்றாக அந்தப் பெப்டைடு மருந்தை விட்டாள். கடைசித் தட்டை மட்டும் தள்ளி வைத்தாள்.

“அதுக்கு?”

“அதுக்குப் போட மாட்டோம். ஒப்பிட்டுப் பாக்கணும்ல.”

“அதுலயும் போட்டுருங்கம்மா. ஒண்ணுகூட இருக்க வேண்டாம்.”

“போட்டா மருந்து வேலை செஞ்சுதான்னே தெரியாது சார்.”

கதவுவரை போனவர் திரும்பி வந்தார்.

“அத யாரு பாத்துக்குவா?”

“நான்தான். ஞாயித்துக்கிழமையும் வருவேன்.”

“நானும் வரட்டுமா?” என்றார் சேவியர், அந்தத் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.