பக்கம் 47, வரி 12

எங்கள் குற்றவியல் ஆய்விதழுக்கு நான்தான் பொறுப்பாசிரியர். இந்த இதழின் கட்டுரை ஒன்றில், காவலில் இருந்தவன் ‘பூட்ஸ் காலால் மிதிபட்டு’ இறந்தான் என்றிருந்தது. பார்த்த மூவரின் வாக்குமூலமும் கூடவே இருந்தது.

“நெஞ்சுவலியாலன்னு மாத்திடுங்க. நமக்கெதுக்கு வம்பு?” என்றார் இயக்குநர்.

வம்பாம். செத்தவனுக்கு இருபத்திரண்டு வயது. ஆனாலும் மாற்றினேன்.

அச்சகத்திலிருந்து முந்நூறு பிரதிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பிழைதிருத்தச் சீட்டு இருந்தது.

‘பக்கம் 47, வரி 12: “நெஞ்சுவலியால்” என்பதை “பூட்ஸ் காலால் மிதிபட்டு” எனத் திருத்திப் படிக்கவும்.’

“நாங்க அடிக்கலைங்க. இந்தத் தாளே எங்ககிட்ட கிடையாது,” என்றார் அச்சகக்காரர்.

“யார் பண்ண வேலையோ, முதல்ல எல்லாத்தையும் உருவிப் போடுங்க,” என்றார் இயக்குநர். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். முந்நூறையும் நானே உருவிக் கிழித்தேன். பிரதிகளை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

காலையில் திறந்தபோது எல்லாப் பிரதிகளிலும் சீட்டு இருந்தது. முதல் வரி பழையதுதான். கீழே இன்னொரு வரி சேர்ந்திருந்தது.

‘பக்கம் 2: “பொறுப்பாசிரியர்” என்பதை “உடந்தை” எனத் திருத்திப் படிக்கவும்.’