நாச்சியாரின் கார்டு

"இஷ்டம்னா வா, இல்லன்னா நின்னுக்கோ. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." ஒரகடத்து ஃபேக்டரிக்கு ஆள் எடுக்கும் கான்ட்ராக்டர் சொன்னது சுகப்பிரியாவுக்குப் பிடித்துப்போனது.

முதல் நாளே வேறொருத்தியின் கார்டை நீட்டினார். "உன்னுது இன்னும் வரல. இன்னிக்கு நீதான் நாச்சியார்."

கேட்டில் அதைக் காட்டிவிட்டு உள்ளே போனாள். பிரஸ் மிஷினில் பக்கத்தில் நின்ற கனகலட்சுமி அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

டீ நேரத்தில் சுகப்பிரியாவே கேட்டாள். "யாருக்கா இந்த நாச்சியாரு? லீவா?"

"இப்ப நீ நிக்கிற மிஷின்லதான் நேத்து மாட்டிச் செத்துட்டா."

சுகப்பிரியா கார்டைத் திருப்பிப் பார்த்தாள். "இன்னைக்குக் காலைல அவ வேலைக்கு வந்ததால்லா பதிவாயிருக்கும்?"

"அதுக்குத்தான் உன்னக் கூட்டியாந்தாங்க."

ஷிஃப்ட் முடிந்ததும் கான்ட்ராக்டர் கார்டை வாங்கிக்கொண்டு ஒரு தாளை நீட்டினார்.

"அவ பேருல கையெழுத்துப் போடும்மா. நாச்சியார் இன்னியோட வேலைய வுட்டு நின்னுட்டா."