பொய்ச் சூடு

அம்பத்தூர் அடுக்குமாடியில் தனியாக இருந்த குணவதியின் வீட்டில் போன், வாசல் கேமரா, பாட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் பேசும் கணினி மறுபடியும் ஹோவென்று இரைந்தது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்றுதான் இருந்தது. ஆனால் மதர்போர்டிலிருந்த, சூட்டை அளக்கும் சென்சார் தொண்ணூறு டிகிரி என்று சாதித்தது. அதை நம்பி விசிறியும் முழுவேகத்தில் சுற்றியது. இந்த போர்டு இப்போது வருவதில்லை என்று ரிப்பேர்காரர்கள் கைவிரித்திருந்தார்கள்.

"சூட்டைக் குறைக்க போன் அழைப்புகளை நிறுத்தியிருக்கிறேன்," என்றது கணினி. "காலையில் உங்கள் தம்பி மகேந்திரன் அழைத்தார். இணைக்கவில்லை."

அம்மாவின் சாவில் மூண்ட சண்டைக்குப் பிறகு பேச்சையே விட்டவன் அவன்.

"வாசல் கேமராவை நிறுத்தேன், பாட்டை நிறுத்தேன். போனையா நிறுத்துவ?"

"குறைவாகப் பயன்படுவதைத்தான் முதலில் நிறுத்துவேன். உங்களுக்கு அழைப்புகள் வருவதில்லை."

போனை இயக்கச் சொல்லி உடனே தம்பியைக் கூப்பிட்டாள். மணியடித்து ஓய்ந்தது. அவன் மறுபடி கூப்பிடும்போது கணினி போனை நிறுத்தியிருந்தால்?

அன்றிலிருந்து தினமும் யார் யாருக்கோ போன் செய்தாள். ஓயாமல் பேசினால்தானே இது போனில் கைவைக்காது!

"மாத்திரை தீர்ந்துடுச்சாம்மா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"இருக்குப்பா. சும்மாதான்..."

"கடையில கூட்டம்மா," என்று வைத்துவிட்டார்.

ஒரு மதியம் கணினி சொன்னது: "அழைப்புகளை இனி நிறுத்த மாட்டேன். இப்போது நீங்கள் அதிகம் பயன்படுத்துவது அதைத்தான்."

குணவதி போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தம்பி கூப்பிடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் மணி அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

"மருந்துக்கடைம்மா. அப்போ கூட்டமா இருந்துச்சு. இப்பச் சொல்லுங்க."

கூப்பிட்டது தம்பி இல்லை. ஆனாலும் போனை வைக்கவில்லை.