துண்டுக்குள் ஒரு விலை

"கோட்டுக்கு மேல துண்டா? கோர்ட்டுக்குப் போறீங்களா, மாட்டுச் சந்தைக்கா?" என்று சிரித்தாள் ஜெய்தூன்.

"இன்னைக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று கிளம்பினார் அவள் கணவர், அரசு வக்கீல் அப்துல் வாஹித்.

இன்னும் விளையாத கடலையைத் தை மாதம் தருவதாக இப்போதே விலை பேசிச் சூதாடினார் என்று திண்டுக்கல் மண்டி வியாபாரி வெள்ளையப்பன் மேல் வழக்கு. சட்டம் அதைத் தடுத்திருந்தது. ஆனால் பேச்சும் இல்லை, காகிதமும் இல்லை. துண்டு மறைவில் விரலைப் பிடித்தே விலை சொல்வது மண்டி வழக்கம். சாட்சிகள் பார்த்தது துண்டை மட்டும்தான்.

"விரல் பிடிச்சு வெல பேச எனக்குத் தெரியவே தெரியாதுங்கய்யா. கையப் பிடிச்சு நலம் விசாரிச்சேன், அம்புட்டுத்தான்" என்றார் கூண்டில் நின்ற வெள்ளையப்பன்.

வாஹித் கூண்டருகே போய் அவர் கைமேல் துண்டைப் போட்டார். தன் கையையும் உள்ளே விட்டார்.

"எனக்கும் தை மாசக் கடலை வேணும். என் வெல இதுதான்."

வெள்ளையப்பன் முகம் சிவந்தது. கையை வெடுக்கென்று உருவிக்கொண்டார்.

"இம்புட்டுக் கொறைச்சலாவா கேப்பீரு? போன வாரம்தான் இதப்போல ரெண்டு மடங்குக்குப் பேசி முடிச்சிருக்கேன்!"

கோர்ட்டே சிரித்தது, நீதிபதி உட்பட.

செய்தி வாஹித்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது.

"விரல் கணக்கெல்லாம் எப்பங்க படிச்சீங்க?" என்றாள் ஜெய்தூன்.

"எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கைக்கு வந்த ரெண்டு விரலப் பிடிச்சு அமுக்குனேன். வெல போட்டதெல்லாம் அவருதான்."