பிழைத்த உயிர்கள்

மூடிய கதவுக்கு வெளியே இருந்தவர்கள் பெரியவர், அவர் மனைவி, மகன், வம்புக்கென்றே வந்திருந்த மைத்துனர். உள்ளே இருந்தவள் மருமகள்.

"போன தடவையும் ஒண்ணும் தங்கலையே, அத்தான்" என்று இழுத்தார் மைத்துனர்.

"உனக்கு நல்ல வாயே கிடையாதா?" நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்த பெரியவர் சீறினார். "இந்தத் தடவையும் தவறினா நான் ஊர்ல எப்படித் தலைநிமிர்ந்து நடப்பேன்?"

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருடா" என்று தம்பியை அதட்டினாள் பெரியவரின் மனைவி.

கதவு திறந்தது. மருமகளே துள்ளிக்கொண்டு வந்தாள். கையில் சிறு கண்ணாடித் தட்டு.

"மாமா, எல்லாம் உயிரோட இருக்கு! லட்சக்கணக்குல!"

தட்டு முழுக்கக் கிருமிகள். குடும்பத்து மருந்துத் தொழிற்சாலையின் கழிவுநீரோடு ஆன்டிபயாடிக் ஆற்றில் கலக்கிறது என்பது ஊரார் சுமத்திய பழி. மருமகள் அந்த நீரில் குளோரின் கலந்து, புற ஊதா ஒளியைப் பாய்ச்சி மருந்தை அழித்தாள். பிறகு சோதிப்பதற்காக அதில் கிருமிகளை விட்டாள். மருந்து மிச்சமிருந்தால் அவை செத்திருக்கும்.

"அப்போ போன தடவை செத்தது?" மைத்துனர் விடவில்லை.

"அது மிச்சமிருந்த குளோரின் பண்ணின வேலை, சித்தப்பா. இந்தத் தடவை அதை நீக்கிட்டுத்தான் விட்டேன்."

பெரியவர் எழுந்தார். மைத்துனரையே கட்டிப்பிடித்து ஒரு சுற்று ஆடினார். தெரு முழுக்க இனிப்பு வழங்கினார்.

அந்த வீட்டு மருமகளுக்கு இரட்டைக் குழந்தை என்று தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. அந்தக் குடும்பத்தில் எதையும் குறைத்துச் சொல்லும் வழக்கமில்லை. பிழைத்தவை லட்சக்கணக்கான கிருமிகள்.