வெள்ளித்தாள் தேர்

எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல, பக்கத்து வீட்டுக் காம்பராவுல காலையிலிருந்து ஒரே கும்மாளம். ஞாயித்துக்கிழமை, வேலையில்லாத நாள். என்னதான் நடக்குதுன்னு எட்டிப் பார்த்தேன்.

ஜெயலெட்சுமியும் அவ நாலு வயசு மக பவளமும் தரையில உக்காந்து தேர் செஞ்சிக்கிட்டிருந்தாங்க. பதுளையில தேர்த் திருவிழா பார்த்துட்டு வந்ததிலிருந்து பிள்ளைக்கு அதே பேச்சு. நெருப்புப்பெட்டி மேல நெருப்புப்பெட்டியா அடுக்கி, கோதுமைமாப் பசையால ஒட்டியாச்சு. நூல்கட்டைய அறுத்து நாலு சில்லும் மாட்டியாச்சு.

"கருப்பம்மா அத்தே, தொடாதீங்க. இன்னும் காயல,"ன்னு என்னை அதட்டுச்சு பவளம்.

நான் தொடவே இல்ல.

"சாமி எங்கடி?"

"குளிக்கப் போயிருக்கு. தேரு முடிஞ்சாத்தான் வரும்."

பவளத்தோட அப்பன் வீரய்யா மடியிலிருந்து எதையோ எடுத்து நீட்டினாரு. தேயிலைப் பெட்டிக்குள்ள போடுற வெள்ளித்தாள். அவருக்கு பெக்டரியில பெட்டி அடைக்கிற வேலை.

ஜெயலெட்சுமிக்கு முகம் மாறிப்போச்சு. "ஏங்க, இதை ஏன் எடுத்தாந்தீங்க?"

"கூட்டித் தள்ளின கிழிசல்தானே. குப்பைக்குப் போறது."

அதுக்குள்ள பவளம் ஒட்ட ஆரம்பிச்சிருச்சு. கோணல்மாணலா, மூக்கு நுனியிலயும் ஒரு துண்டு. ஜெயலெட்சுமியும் என்ன செய்வா, கூட உக்காந்து ஓரத்தை எல்லாம் அமுக்கி விட்டா. தேரு தகதகன்னு ஆயிருச்சு.

பிள்ளைக்குக் கால் தரையில நிக்கல. நூலைக் கட்டி லயத்து வாசல்ல இழுத்துக்கிட்டு ஓடுது. பின்னாடியே லயத்துப் பிள்ளைக பூராவும் "அரோகரா" போட்டுக்கிட்டு ஓடுதுக. எனக்கே கூட ஓடணும் போல இருந்துச்சு.

அந்த நேரம் பார்த்தா வரணும், எங்களை வேலை வாங்குற பொன்னையா கணக்கப்பிள்ளை? கூடவே பெக்டரி வாச்சர்.

விசயம் இதுதான். போன வாரம் பெக்டரியில ஒரு கட்டு வெள்ளித்தாள் காணாமப் போயிருச்சு. எவன் வீட்டுல ஒரு துண்டு கிடைச்சாலும் வேலையிலிருந்து பேரை வெட்டி, லயத்தை விட்டே விரட்டிருவேன்னு தோட்டத்துத் தொரை சொல்லியிருந்தாரு. வீரய்யாவுக்கும் அது தெரியும். தெரிஞ்சும் பிள்ளை ஆசைக்குன்னு எடுத்தாந்த மனுசனை என்னத்தைச் சொல்ல.

"ஐயா, அந்தா பாருங்க," வாச்சர் கையைக் காட்டினாரு.

கணக்கப்பிள்ளை விருட்டுன்னு குனிஞ்சி தேரை நூலோட பறிச்சிட்டாரு. வாச்சர் வாங்கிப் பார்க்கக் கையை நீட்டினாரு. அவருகிட்டயும் கொடுக்கல.

"கிழிசல் துண்டுங்க ஐயா," வீரய்யா கையெடுத்துக் கும்பிட்டாரு.

"அதை நாளைக்குப் பெரட்டுல தொரைகிட்ட சொல்லு."

"என் தேரு," பவளம் அவரு கால்சட்டையைப் பிடிச்சிக்கிச்சு. அந்தப் பிஞ்சு விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சி விட்டுட்டு நடந்தாரு கணக்கப்பிள்ளை.

நான் வாயை மூடிக்கிட்டு இருக்கிற ஆளில்ல. "பிள்ளை பெத்த மனுசன் செய்யிற வேலையா இது? இதெல்லாம் உருப்படுமா?"ன்னு அவரு காதுல விழவே ஏசினேன். அவரு திரும்பிக்கூடப் பார்க்கல.

அன்னிக்கு அந்த வீட்டுல அடுப்பு எரியல. "பேரை வெட்டிட்டா இந்தப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க மதினி போவோம்?"ன்னு ஜெயலெட்சுமி கேட்டா.

மறுநாள் காலையில வேலைக்கு ஆளெடுக்கிற பெரட்டு. எல்லாரும் கொழுந்துக் கூடையோட நிக்கிறோம். தொரை முன்னால மேசையில தேரு. அந்தக் குளிர்லயும் வீரய்யாவுக்கு வேர்த்து ஊத்துது.

தொரை தேரைத் தூக்கி உருட்டி உருட்டிப் பார்த்தாரு. நகத்தால ஒரு ஓரத்தைக் கிள்ளினாரு. வெள்ளிக்குப் பின்னால வெள்ளைக் காகிதம். இன்னொரு பக்கம் கிள்ளினாரு. அங்கேயும் வெள்ளைக் காகிதம்.

"ஏய் கணக்கப்பிள்ளை, இது சிகரெட் பெட்டியில இருக்கிற தாள். பெக்டரித் தாளுக்குப் பின்னால ஏது வெள்ளைக் காகிதம்?" தொரைக்கு மூஞ்சி சிவந்துபோச்சு. "பெக்டரித் தாள் எது, சிகரெட் தாள் எதுன்னு தெரியாத ஒனக்கு இந்த வேலை எதுக்கு? சின்னப்பிள்ளை சாமானைத் தூக்கிக்கிட்டு வந்து என் நேரத்தைக் கெடுக்கிற."

"தப்புத்தானுங்க தொரை." அத்தனை பேர் முன்னாலயும் தலையைக் குனிஞ்சிக்கிட்டு நின்னாரு கணக்கப்பிள்ளை.

பெரட்டே கொல்லுன்னு சிரிச்சிருச்சு. எனக்குன்னா தலைகால் புரியல. நல்லா வேணும்னு சத்தமாவே சொன்னேன். வாச்சர் மட்டும் திருதிருன்னு முழிச்சாரு.

ஜெயலெட்சுமி என் கையை இறுக்கிப் பிடிச்சிக்கிட்டா. "மதினி, நான் ஒட்டினது பெக்டரித் தாளு. என் கையாலதான் ஒட்டினேன். மாரியாத்தா மாத்திட்டா மதினி."

எனக்கு உடம்பு புல்லரிச்சுப்போச்சு. ஆத்தா கண்ணைத் திறந்துட்டான்னு மலை பூராவும் நான்தான் சொல்லிக்கிட்டுப் போனேன். கொழுந்துகூட அன்னிக்கு ஒழுங்காப் பறிக்கல.

சாயந்திரம் தேங்காய், பூ, கற்பூரம் எல்லாம் எடுத்துக்கிட்டுக் கோயிலுக்குக் கிளம்பி வாசல்ல நிக்கிறோம். கணக்கப்பிள்ளை தேரோட வந்தாரு. யாரும் அவரை உக்காரச் சொல்லல. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.

அவரு குனிஞ்சி தேரைப் பவளம் கையில கொடுத்தாரு. அப்புறம் அக்கம்பக்கம் பார்த்துட்டு, மெதுவா முணுமுணுத்தாரு.

"ஏம்மா ஜெயலெட்சுமி, இனிமே கோதுமைமாப் பசைய இம்புட்டுக் கெட்டியாக் காய்ச்சாதே. ராத்திரி அந்தத் தாளை உரிச்செடுக்கிறதுக்குள்ள என் நகமெல்லாம் பேந்துபோச்சு."