ஹெர்குலின் கழுத்துப்பட்டை

"ஒண்ணு இந்த வீட்டில் அந்த நாய் இருக்கணும், இல்லே நான் இருக்கணும்" என்று மனைவி அனுசூயா சொன்னபோது, நாகசுப்பிரமணியன் காலைச் சொறிந்துகொண்டிருந்தார்.

அவர் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் பேராசிரியர். வகுப்பில் மாணவர்கள் முன்னால் சொறிய முடியாதல்லவா? வீட்டுக்கு வந்துதான் வட்டியும் முதலுமாகச் சொறிவார்.

ஒலிம்பிக் முடிந்து கனடாவின் மான்ட்ரியல் நகரம் ஓய்ந்து கிடந்த ஆகஸ்ட் மாதம். வீடு முழுக்கத் தெள்ளுப்பூச்சி. கீழ்வீட்டில் மதாம் ரூலோ என்ற விதவை அம்மாள் தனியாக இருந்தாள். துணைக்கு ஹெர்குல் என்று ஒரு செயின்ட் பெர்னார்ட் நாய், கன்றுக்குட்டி பெரிசுக்கு. பிறகு வேறு யாரைச் சந்தேகப்படுவது?

அதிலும் அனுசூயா ஆசாரம் பார்ப்பவள். போன வருஷம் ஊரில் அப்பா தவறியபோது அவளால் போய் முகம் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து தினமும் குளித்து, சமைத்து, நெய்யும் பருப்பும் பிசைந்த சோற்றைப் பின்பக்கத்துப் பால்கனியில் காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். ஆள் நின்றால் காக்கை வராது என்று கதவைச் சாத்திக்கொள்வாள். சற்றுப் பொறுத்துத் திறந்தால் தட்டு காலியாக இருக்கும்.

"கடல் தாண்டியும் வந்து சாப்பிட்டுட்டுப் போறார் பாருங்க" என்று கண் கலங்குவாள்.

அப்பேர்ப்பட்ட வீட்டில் நாய்ப்பூச்சி!

முதலில் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்கள். ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் நாய்ச் சாமான் விற்கும் கடைக்குப் புருஷனை விரட்டினாள். நாய் எத்தனை கனம், பவுடர் வேண்டுமா, குளிப்பாட்டும் மருந்தா, கழுத்துப்பட்டையா, தெள்ளுக்கு மட்டுமா, உண்ணிக்கும் சேர்த்தா என்று கடைக்காரன் அடுக்கினான். நாய் வளர்த்து அறியாத பேராசிரியர் முழித்தார். கைக்கு அகப்பட்ட ஒரு மருந்துப்பட்டையை வாங்கிக்கொண்டு வந்தார். அனுசூயா அதைக் கீழ்வீட்டுக் கதவுப்பிடியில் மாட்டிவிட்டு வந்தாள். புரிந்துகொள்ளட்டும் என்றுதான்.

மதாம் ரூலோ அதை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். நன்றி சொன்னாள். இது சின்ன நாய்க்கானது, ஹெர்குலின் கழுத்தில் பாதிகூட எட்டாது என்று சிரித்தாள். பெரிய நாய்க்குப் பட்டை மட்டும் போதாது, வாரம் தவறாமல் மருந்துபோட்டுக் குளிப்பாட்டி, உலர்ந்ததும் வயிறு வரைக்கும் பவுடர் தடவுகிறேன் என்றாள்.

"அப்புறம் எங்க வீட்டில் பூச்சி எப்படி வருது?" என்று அனுசூயா கேட்டாள்.

மதாம் வாயைத் திறந்தாள். பின்பக்கக் கதவைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள்.

"பதில் இருந்தால்தானே சொல்லுவா" என்றாள் அனுசூயா. அன்றைக்கே புருஷனை வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் போட வைத்தாள். அவர் வந்து பார்த்தார், மதாமிடம் விசாரித்தார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தை குட்டி இல்லாத படித்த தம்பதி, வாடகை தவறாதவர்கள். வீட்டுக்காரர் யார் பக்கம் சாய்வார்? நாய் போயாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மதாமின் தம்பி மகன் வெளியூர்ப் பண்ணையிலிருந்து லாரியோடு வந்தான். ஹெர்குல் ஏற மறுத்தது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு நாய்க்கா இத்தனை அழுகை?" என்று அனுசூயா ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

நாய் போயிற்று. கடி போகவில்லை.

"போன நாயோட மிச்சம்" என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை அவளே ஒரு டப்பா பவுடர் வாங்கி வந்து மூலைமுடுக்கெல்லாம் தூவினாள். பால்கனியிலும் தூவலாம் என்று, அப்போதுதான் சோறு வைத்துச் சாத்தியதை மறந்து கதவைத் திறந்தாள்.

தட்டைச் சுற்றி, பின்படி ஏறி வந்த தெருப்பூனைகள். தாயும் குட்டிகளுமாக நெய்ச்சோற்றை நக்கிக்கொண்டிருந்தன. ஒன்று சாப்பாட்டை விட்டுவிட்டுப் பின்னங்காலால் காதைப் பறபறவென்று சொறிந்தது. இன்னொன்று உரிமையோடு அவள் காலில் உரசிக்கொண்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது.

பின்னால் வந்து நின்ற நாகசுப்பிரமணியனும் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர் போய் வீட்டுக்காரரைப் போனில் பிடித்து, தப்பு எங்கள் பேரில்தான், நாய் திரும்பி வரட்டும் என்று சொல்லிவிட்டுக் கார் சாவியை எடுத்தார்.

அனுசூயா தயங்கித் தயங்கி மாடிப்படி இறங்கினாள். கீழ்வீட்டுக் கதவில் ஹெர்குலின் சங்கிலி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"பண்ணைக்கு வழி சொல்லுங்க. நாங்களே போய்க் கூட்டிட்டு வர்றோம்" என்றாள். "பூனை வர்றது உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

மதாம் ரூலோ தலையாட்டினாள்.

"வீட்டுக்காரர் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாமே? எங்களால் உங்க நாயே போயிடுச்சே."

மதாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அரைகுறை இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னாள்:

"அது உங்க அப்பாவுக்கு வைக்கிற சாப்பாடுன்னு உங்க கணவர் ஒரு தடவை சொல்லியிருக்கார். ஹெர்குலைப் பார்க்கணும்னா நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துக்கலாம். உங்க அப்பா சாப்பிட வரலேன்னு உங்ககிட்ட எப்படிம்மா சொல்லுவேன்?"